ராஷிக்கு எங்கே இடித்தது?

கேள்வி இது: "யூதர்கள் வேதாகமத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு போனால் நெகாமா லெய்போவிட்ஸ் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அவர் புதிய கோட்பாடு எதையும் சொன்ன மாதிரி தெரியவில்லை. அப்புறம் ஏன் இத்தனை பெயர்? அவரை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?"

நீங்கள் கவனித்தது சரிதான். கோட்பாடு என்று அவர் எதையும் நிறுவவில்லை. பேராசிரியர் என்று கூப்பிட்டால்கூட அவருக்குப் பிடிக்காது. மாணவர்கள் எல்லாருக்கும் வெறும் நெகாமாதான். 1997 ஏப்ரலில் எருசலேமில் காலமானார். கல்லறையில் பெயரோடு சேர்த்துப் பொறித்திருக்கும் பட்டம் ஒன்றுதான்: மோரா. எபிரேயத்தில் ஆசிரியை என்று பொருள். இதைத் தன்னடக்கம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. என் கணிப்பு வேறு. மற்ற அறிஞர்கள் தங்கள் ஆய்வைப் பதிலாக எழுதினார்கள், இவர் கேள்வியாக எழுதினார். ஒரு வசனத்தில் சரியான கேள்வி எது என்று கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பது அவர் கேள்வித்தாள் ஒன்றோடு உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

முதலில் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1905இல் ரிகாவில் பிறந்தார். இன்று அது லாட்வியாவின் தலைநகரம், அன்றைக்கு ரஷ்யப் பேரரசின் துறைமுகம். வீட்டில் எபிரேயம்தான் பேச வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அந்தக் காலத்து ஐரோப்பிய யூத வீடுகளில் பேச்சு யித்திஷிலோ (ஜெர்மனிலிருந்து கிளைத்த யூதர் மொழி), ஜெர்மனிலோ ரஷ்ய மொழியிலோ நடக்கும். எபிரேயம் தொழுகைக்கும் படிப்புக்கும் உரியது. உப்பை எடு, தண்ணீர் கொடு என்று அதில் பேசி வளர்ந்த குழந்தைகள் குறைவு. அண்ணன் யெஷயாகு லெய்போவிட்ஸ் இவருக்கு இரண்டு வயது மூத்தவர். உயிர்வேதியியல் படித்தவர், தத்துவவாதி, இஸ்ரேலிய ஆட்சியாளர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டே பெயர் வாங்கியவர். கேள்வி கேட்கிற குணம் அந்த வீட்டுச் சொத்து போல. அண்ணன் அதை வைத்துக்கொண்டு சண்டை போட்டார், தங்கை பாடம் நடத்தினார்.

1919இல் குடும்பம் பெர்லினுக்குப் போனது. பெர்லின், ஹைடல்பெர்க், மார்பர்க் என்று மூன்று பல்கலைக்கழகங்களில் படித்து, 1930இல் மார்பர்கில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுத் தலைப்பைக் கவனியுங்கள்: 15, 16ஆம் நூற்றாண்டுகளில் யூத ஜெர்மனில், அதாவது பழைய யித்திஷில், செய்யப்பட்ட வேதாகம மொழிபெயர்ப்புகளின் உத்திகள், சங்கீதங்களை வைத்து. பழைய யூத மொழிபெயர்ப்புகள் எபிரேயத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றிப் போகிறவை. படிக்கிறவனுக்கு ஒரு சொல் புரியாவிட்டால் தாண்டிப் போய்விடலாம். அப்படி மொழிபெயர்க்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது, ஒவ்வொரு சொல்லுக்கும் எதையாவது வைத்தே ஆக வேண்டும். பிற்காலத்தில் நெகாமா மாணவர்களை எந்தச் சொல்லையும் தாண்ட விடாமல் பிடித்து நிறுத்தினாரே, அந்தப் பழக்கம் இங்கே தொடங்கியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பட்டம் வாங்கிய அதே ஆண்டில் பாலஸ்தீனத்துக்குக் குடியேறினார், அப்போது அங்கே பிரிட்டிஷ் ஆட்சி. மிஸ்ராகி என்ற மத சியோனிச இயக்கத்தின் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சுமார் 25 ஆண்டுகள் கற்பித்தார். கணவர் லிப்மன் லெய்போவிட்ஸ், இவருடைய அப்பாவோடு கூடப்பிறந்தவர், வயதில் மிக மூத்தவர். நம் பக்கத்தில் தாய்மாமனைக் கட்டிக்கொள்வது பழகிய விஷயம், அப்பாவின் சகோதரர் என்றால் தூக்கிவாரிப் போடும். யூதச் சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

இனி முக்கியமான பகுதி. 1942. ஜெர்மன் தளபதி ரோம்மெலின் படை எகிப்தில் எல் அலமெயின் வரை வந்து நின்ற ஆண்டு; அடுத்தது பாலஸ்தீனம்தானா என்று ஜனங்கள் பயந்துகொண்டிருந்த நேரம். மத கிப்புட்ஸ்களிலிருந்து, அதாவது கூட்டுப் பண்ணைகளிலிருந்து, சில பெண்கள் எருசலேமுக்கு வந்து சில மாதம் அவரிடம் படித்தார்கள். படிப்பு முடிந்தது. திரும்பிப் போனால் மாட்டுக் கொட்டகையும் அடுப்படியும் பிள்ளைகளும்தான், படித்தது கைவிட்டுப் போகும். தொடர்ந்து படிக்க ஏதாவது அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். அவரும் அந்த வாரத்துப் பகுதியிலிருந்து கேள்விகள் எழுதி, ஸ்டென்சிலில் படியெடுத்து, தபாலில் போட்டார்.

யூதர்கள் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, 54 பகுதிகளாகப் பிரித்து, வாராவாரம் ஜெபாலயத்தில் வாசித்து ஓர் ஆண்டில் முடிப்பார்கள். முடித்த அன்றே மறுபடியும் "ஆதியிலே" என்று தொடங்கிவிடும். நெகாமாவின் தாள்களும் இந்தச் சுழற்சியோடு சேர்ந்து ஓடின. எபிரேயத்தில் அவற்றுக்கு கில்யோனோத் என்று பெயர், வெறும் தாள்கள் என்றுதான் அர்த்தம். ஒரு தாளில் அந்த வாரப் பகுதியிலிருந்து ஒரே ஒரு விஷயம், இரண்டு மூன்று உரையாசிரியர்களின் சில வரிகள், பிறகு கேள்விகள். கடினமான கேள்விக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, மிகக் கடினமானதற்கு இரண்டு. எழுதி அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தி, குறிப்புப் போட்டுத் திருப்பி அனுப்புவார். பதில் தவறென்றால் விடையைச் சொல்லிவிட மாட்டார். எங்கே மறுபடி பார்க்க வேண்டும் என்று காட்டி இன்னொரு முறை எழுத வைப்பார்.

பத்துப் பதினைந்து பெண்களுக்கு என்று தொடங்கியது காட்டுத்தீ மாதிரி பரவியது. சிப்பாய்கள், பள்ளி வாத்தியார்கள், பண்ணையில் வேலை செய்தவர்கள், வழக்கறிஞர்கள், வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்கள் என்று யார் யாரோ எழுதி அனுப்பினார்கள். மதப் பற்று இல்லாதவர்களும் அதில் உண்டு. 1971 வரை 30 ஆண்டுகள் புதிய தாள்கள் வந்துகொண்டிருந்தன. திருத்திய விடைத்தாள்களை 40,000 வரை எண்ணிவிட்டு, அதற்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டார் என்று சொல்வார்கள். அதற்குத் தனி அலுவலகமோ உதவியாளர் படையோ கிடையாது. எருசலேமின் கிர்யாத் மோஷேயில் புத்தகங்கள் அடைத்துக் கிடந்த ஒரு சின்ன வீட்டில் உட்கார்ந்து தானே திருத்தினார்.

சரி, அந்தக் கேள்விகளில் அப்படி என்ன இருக்கிறது?

யூத மரபில் வேதாகமம் தனியாக வருவதில்லை, உரையோடுதான் வரும். உரைகாரர்களில் முதல் இடம் ராஷிக்கு. பிரான்சின் துருவா நகரத்துக்காரர், 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர். தேதியோடு அச்சான முதல் எபிரேய நூலே இவருடைய தோரா உரைதான், 1475இல். ஐந்து வயதுப் பிள்ளைகூட ராஷியோடுதான் படிக்கத் தொடங்கும். அதனாலேயே ஒரு சிக்கல். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, மூலத்தில் இருப்பது எது, ராஷி சொன்னது எது என்றே பலருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ராஷி நல்ல கதைகள் சொல்கிறார் என்ற அளவில் நின்றுவிடும்.

இங்கேதான் நெகாமாவின் புகழ்பெற்ற கேள்வி வருகிறது: மா காஷே லெராஷி? நம் பேச்சில் சொன்னால், ராஷிக்கு இங்கே எங்கே இடித்தது? ராஷி சும்மா எழுதுகிறவர் அல்ல, வசனத்தில் ஏதோ ஒன்று உறுத்தினால்தான் வாய் திறப்பார். அந்த உறுத்தல் என்ன என்று அவர் சொல்வதில்லை, தீர்வை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். தீர்விலிருந்து பின்னோக்கி நடந்து சிக்கலைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. இந்தக் கேள்வி நெகாமாவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல, ராஷிக்கே உரை எழுதியவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்ததுதான். பரிமேலழகரைப் பாடம் கேட்டவர்களுக்கும் இந்த வழி புதிதாக இருக்காது. பண்டிதர்கள் தங்களுக்குள் வைத்திருந்த கேள்வியை மாட்டுக் கொட்டகை வரைக்கும் கொண்டுபோனது அவர் செய்த வேலை.

ஒரு சின்ன உதாரணம். ஆதியாகமம் 22இல் கடவுள் ஆபிரகாமிடம் மகனைப் பலி கொடுக்கச் சொல்கிறார்: "உன் மகனை, உன் ஒரே மகனை, நீ நேசிக்கிற ஈசாக்கை" என்று. ராஷி இதை ஓர் உரையாடலாக்கிக் காட்டுவார். உன் மகனை என்கிறார் கடவுள்; எனக்கு இரண்டு மகன்கள் என்கிறார் ஆபிரகாம் (இன்னொருவன் ஆகாருக்குப் பிறந்த இஸ்மவேல்). ஒரே மகனை, இவனும் அவன் அம்மாவுக்கு ஒரே மகன், அவனும் அவன் அம்மாவுக்கு ஒரே மகன். நீ நேசிக்கிறவனை, எனக்கு இரண்டு பேர் மேலும் பாசம்தான். ஈசாக்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே இடித்தது? ஒரு பெயர் போதுமான இடத்தில் இத்தனை அடைமொழிகள் எதற்கு, அதிலும் பெயர் ஏன் கடைசியில்? இதைக் கண்டுபிடித்துவிட்டால் ராஷியின் கதை கதையாக இல்லாமல் இலக்கண விளக்கமாகிவிடும்.

வகுப்பிலும் இதே பிடிதான். கேள்வியைச் சொல்லிவிட்டு, எல்லாரும் எழுதுங்கள் என்பார். கையைத் தூக்கும் இரண்டு புத்திசாலிகளோடு மட்டும் பேசிப் பாடத்தை நகர்த்தும் வேலை அங்கே நடக்காது. தலையில் பழுப்பு நிறத் தொப்பியோடு மேசை மேசையாக நடந்து, ஒவ்வொரு நோட்டையும் எட்டிப் பார்த்து, சரி, தப்பு, இன்னும் யோசி என்று சொல்லிக்கொண்டே போவார். ஒளிந்துகொள்ள இடமே இருக்காது.

இப்போது அவருக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஆதியாகமம் 24. ஆபிரகாம் தன் மூத்த வேலைக்காரரை, சொந்த ஊருக்குப் போய் ஈசாக்குக்குப் பெண் பார்த்து வரச் சொல்கிறார். மரபு இவரை எலியேசர் என்கிறது, அத்தியாயத்தில் பெயர் இல்லை. கிணற்றடியில் ரெபெக்காள் இவருக்கும் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் இறைத்து ஊற்றுகிறாள். பிறகு இவர் பெண் வீட்டுக்குப் போய், நடந்ததையெல்லாம் முதலிலிருந்து ஒருமுறை சொல்கிறார். ஒரே கதை, ஒரே அத்தியாயத்தில், இரண்டு முறை. சட்டங்களையெல்லாம் ஒற்றை எழுத்தில் சுருக்கிச் சொல்லும் நூல் இங்கே ஏன் இவ்வளவு தாராளம் காட்டுகிறது? பழைய ரபிமார்களுக்கே, அதாவது யூத மதகுருமார்களுக்கே, இந்த வியப்பு இருந்தது. முன்னோர்களின் வேலைக்காரர் பேச்சு, அவர்கள் பிள்ளைகளுக்கு வந்த சட்டத்தைவிட அழகானது என்று சொல்லி வைத்தார்கள்.

நெகாமா கேட்பது இது: இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எங்கெல்லாம் மாறுகிறது? எந்த மாற்றம் வெறும் சொல் மாற்றம், எது காரணத்தோடு செய்தது?

வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கடவுள் ஆபிரகாமை எல்லாவற்றிலும் ஆசீர்வதித்தார் என்று கதைசொல்லி ஒரே வரியில் முடித்துவிடுவார். வேலைக்காரரோ ஆடு, மாடு, வெள்ளி, பொன், அடிமைகள், ஒட்டகம், கழுதை என்று பட்டியல் போடுகிறார். சம்பந்தம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டுச் சொத்தைச் சொல்லாமல் இருப்பாரா? ஆபிரகாம் "என் தேசத்துக்கும் என் இனத்தாரிடத்துக்கும் போ" என்றார். இவர் வாயில் அது "என் தகப்பன் வீட்டுக்கும் என் குடும்பத்துக்கும்" என்று ஆகிறது. உங்களைத் தேடித்தான் அனுப்பினார் என்று கேட்கிறவர்கள் நினைக்க வேண்டும். பெண் வர மறுத்தால் மகனை அங்கே அழைத்துப் போகட்டுமா என்று இவர் கேட்டதற்கு, கூடவே கூடாது என்று ஆபிரகாம் இரண்டு முறை அழுத்திச் சொல்லியிருந்தார். அது மொத்தமாகக் காணாமல் போகிறது. உங்கள் ஊருக்கு என் முதலாளி மகனை அனுப்பவே மாட்டார் என்று பெண் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது!

எல்லாவற்றிலும் அழகானது நகை விஷயம். கிணற்றடியில் இவர் முதலில் பொன் மூக்கணியையும் பத்துச் சேக்கல் எடையில் இரண்டு காப்புகளையும் எடுத்துவிட்டார், அதற்கப்புறம்தான் "நீ யார் மகள்?" என்று கேட்டார். வீட்டில் சொல்லும்போது வரிசை மாறிவிடுகிறது: முதலில் யார் மகள் என்று கேட்டேன், அவள் சொன்னாள், பிறகு நகையைப் போட்டேன். ராஷி இதைப் பிடித்துவிட்டார். யார் பெண் என்றே தெரியாமல் எப்படி நகை கொடுத்தாய் என்று மடக்கிவிடுவார்கள் என்பதற்காக மாற்றிச் சொன்னார் என்கிறார். கடவுள் காட்டிய அடையாளத்தின் மேல் இவருக்கு இருந்த நம்பிக்கை பெண்ணின் அண்ணன் லாபானுக்குப் புரியாது. அந்த லாபான் ஓடி வந்ததே தங்கை கையில் காப்பைப் பார்த்துத்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நெகாமா எதிர்க்கட்சியையும் கூட்டி வருவார். 12, 13ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராதாக், திரும்பச் சொல்லும்போது சொற்கள் மாறுவது சகஜம், கருத்து மாறவில்லை, அதற்குள் போய்த் துருவ வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி? எந்த மாற்றத்துக்கு ராதாக் போதும், எதற்குப் போதாது? தாளில் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி இருக்கும்.

இன்னொரு இடம், யாத்திராகமம் முதல் அத்தியாயம். எபிரேய ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடச் சொல்லி பார்வோன் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகளுக்கு உத்தரவிடுகிறான். அவர்கள் கடவுளுக்குப் பயந்து அதைச் செய்யவில்லை. மூலத்தில் உள்ள தொடரை எபிரேய மருத்துவச்சிகள் என்றும் படிக்கலாம், எபிரேயப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் என்றும் படிக்கலாம். பழைய ரபிமார்களின் விவாதத் தொகுப்பான தல்மூதும் ராஷியும் இவர்களை மோசேயின் அம்மா யோகெபேத், அக்கா மிரியாம் என்றே அடையாளம் காட்டுகிறார்கள். 15ஆம் நூற்றாண்டு அபர்பனேலும் 19ஆம் நூற்றாண்டு இத்தாலியரான லுசாட்டோவும் இவர்கள் எகிப்தியப் பெண்களாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். தன் இனத்துக் குழந்தைகளைக் கொல்ல அதே இனத்துப் பெண்களையே நம்பி எந்த அரசன் உத்தரவு போடுவான்?

நெகாமா சாய்வது இந்தப் பக்கம். காரணத்தை வசனத்துக்குள்ளிருந்தே எடுக்கிறார். கடவுள் பயம் என்ற தொடர் தோராவில் வேறு எங்கெங்கே வருகிறது? இந்த ஊரில் கடவுள் பயம் இல்லை, மனைவிக்காக என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று வெளியூர்க்காரரான ஆபிரகாம் பயந்த இடம். முன்பின் தெரியாத வெளிநாட்டார் போல வந்து நிற்கும் சகோதரர்களிடம், நான் கடவுளுக்குப் பயந்தவன் என்று யோசேப்பு சொன்ன இடம். களைத்துப் பின்தங்கியவர்களை வெட்டிய அமலேக்குக்குக் கடவுள் பயம் இல்லை என்ற இடம். அப்புறம் இந்த மருத்துவச்சிகள். நான்கிலும் கேள்வி ஒன்றுதான்: கையில் பலம் இல்லாத அந்நியனை எப்படி நடத்துகிறாய்? மேலிடத்து உத்தரவு என்ற போர்வைக்குள் தனி மனிதன் பதுங்கிக்கொள்ள முடியாது என்று மருத்துவச்சிகள் பற்றிய தன் கட்டுரையில் எழுதுகிறார். ஜெர்மனியில் படித்து, ஹிட்லர் வருவதற்கு முன் கிளம்பிவந்த ஒருவர் எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குறைகளும் உண்டு, மறைப்பதில் அர்த்தமில்லை. அகழ்வாய்வு, பாபிலோனியக் களிமண் பலகைகள், தோராவைப் பல மூல ஆவணங்களாகப் பிரிக்கும் ஜெர்மன் ஆய்வு, இவற்றுக்கெல்லாம் அவர் பாடத்தில் இடமே கிடையாது. ஒரு கதை இரண்டு முறை வந்தால், இரண்டு ஆவணங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன என்று அந்த ஆய்வாளர்கள் சொல்வார்கள். ஏன் இரண்டு முறை, எதை மாற்றி என்று இவர் கேட்பார். 11ஆம் நூற்றாண்டு ராஷியும் 13ஆம் நூற்றாண்டு ஸ்பானிய உரையாசிரியர் நாகமனிதேசும் 19ஆம் நூற்றாண்டு லுசாட்டோவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வாக்குவாதம் செய்வது மாதிரி எழுதுவார். ஒவ்வொருவரும் எந்தக் காலத்தில், எந்த நெருக்கடியில், யாருக்கு மறுப்பாக எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் மங்கிப்போகும். வரலாற்று உணர்வோடு படிக்கிறவர்களுக்கு இது உறுத்தும், எனக்கும் உறுத்தியிருக்கிறது.

மறுபக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. தீவிர ஆசாரவாதிகளுக்கு இவர் மேற்கோள் காட்டும் ஆட்களே பிடிக்கவில்லை. ஆசார மரபைச் சேராத ஜெர்மன் ரபி பென்னோ யாகோப், தத்துவவாதி மார்ட்டின் பூபர், இத்தாலிய வேதாகம ஆய்வாளர் உம்பர்ட்டோ கசூட்டோ எல்லாரும் அவர் பக்கங்களில் வருவார்கள். ஒரு பகுதியில் திரும்பத் திரும்ப வரும் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் உள்பொருள் கிடைக்கும் என்ற பூபரின் வழியை அவர் தாராளமாகப் பயன்படுத்தினார். சொன்னவர் யாராக இருந்தாலும் உண்மையை ஏற்றுக்கொள் என்பது 12ஆம் நூற்றாண்டு யூதத் தத்துவவாதி மைமோனிதேசின் வாக்கு, அவர் நடந்துகொண்டதும் அப்படித்தான். ஆனால் சொந்த வாழ்க்கையில் முழு ஆசாரமானவர். தோரா படிப்பு ஆண்களின் கோட்டையாக இருந்த உலகத்தில் ரபிமார்களுக்கே பாடம் எடுத்த இந்தப் பெண், பெண்ணியவாதி என்ற பட்டத்தை மட்டும் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. இதை வைத்து இரண்டு பக்கத்துக்காரர்களும் இன்றும் அவரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1956இல் கல்விக்கான இஸ்ரேல் விருது, 1968இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி, 1983இல் பியாலிக் விருது என்று மரியாதைகள் வரிசையாக வந்தன. வானொலியிலும் வாரப் பகுதியை விளக்கிப் பேசினார். அவர் இறந்தபோது, பிள்ளைகள் சொல்ல வேண்டிய கதீஷ் ஜெபத்தை அவருடைய மாணவர்கள் பல பேர் சேர்ந்து சொன்னார்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். 1954 முதல் அந்தத் தாள்களை விரித்துக் கட்டுரைகளாக்கி வெளியிடத் தொடங்கினார். பிறகு அவை தோராவின் ஐந்து நூல்களுக்கும் தனித்தனித் தொகுதிகளாக வந்தன. ஆர்யே நியூமன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கும். ஆதியாகமத் தொகுதியை எடுங்கள், முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். ரெபெக்காள் கதைக்குப் போங்கள். கட்டுரையைத் திறப்பதற்கு முன்பு, ஒரு தமிழ் வேதாகமத்தில் 24ஆம் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு, ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் வேலைக்காரர் சொன்னது என்று நீங்களே எழுதிப் பாருங்கள். நான் மேலே சொன்னவை சிலதான், இன்னும் இருக்கின்றன. எபிரேயம் தெரியாவிட்டாலும் முக்கால்வாசி அகப்பட்டுவிடும். கட்டுரையின் கடைசியில் வரும் கேள்விகளைத் தாண்டாதீர்கள், இரண்டு பெருக்கல் குறி போட்டவற்றை வேண்டுமானால் அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.